ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு மின்விசிறி

தாம்பரத்துக்குத் தெற்கே யூனிட் சாரைப் போலக் கணக்குப் போட்டவரும் கிடையாது. கணக்குப் போட்டுக்கொண்டே அவரைப் போல வியர்த்தவரும் கிடையாது.

ஆண்டு 2008. மாதத்தில்தான் எனக்கு ஐயம். பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்தில் தினமும் மாலையில் மின்வெட்டு. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது, கீழ்த்தளத்து ஓய்வுபெற்ற மின் பொறியாளர் யூனிட் சார் வீட்டைத் தவிர. அவர் மனைவி சரோஜா டீச்சர் டியூஷன் எடுப்பதும் அதே மாலையில்தான்.

“ஏங்க, பசங்க புழுங்கிச் சாகுதுங்க. ஒண்ணு வாங்குங்களேன்.”

“வெல முக்கியமில்ல சரோஜா. சேத்து வெச்ச கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு ஆகுது, எத்தன வருஷம் வருது, அதான் முக்கியம்.”

பெயர்க்காரணம் அதுவே.

தாம்பரத்துக் கடைக்கு நானும் கூடப் போனேன். “இந்த பேட்டரி எத்தன வருஷம் வரும்?”

“மூணு வருஷம் சார்.”

“அப்புறம்?”

“வேற வாங்கணும் சார்.”

“அப்ப இது பேட்டரி இல்லப்பா, சந்தா!” திரும்பி வந்துவிட்டார்.

அடுத்து ஐஸ். கரண்ட் இருக்கும்போதே உறைய வைத்து, போனதும் அண்டாவில் நிரப்பிப் பிள்ளைகள் நடுவே வைத்தார். யூனிட்டுக்கு மலிவுதான். ஆனால் நோட்டுகள் நனைந்தன. ஐஸைப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். பாதிப் பேர் இன்வெர்ட்டர் இருந்த எதிர்த்தெரு டியூஷனுக்கு மாறினார்கள்.

“பசங்க போய்க்கிட்டே இருக்காங்கங்க.”

“இரும்மா, கம்பேரிசன் முடியப் போகுது.”

முடிந்தது. தண்ணீர் ஜெயித்தது. “கரண்ட் இருக்கறப்ப மேல ஏத்து, போனா எறக்கு. தண்ணிக்கு வயசே ஆகாது!” மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இறக்கி, கீழே அந்தத் தண்ணீர் சுழற்றும் சக்கரத்தோடு பழைய டைனமோவைப் பொருத்தினார். ஒரு மாலை கரண்ட் போனதும் வால்வைத் திறந்தார். கூடத்து மின்விசிறி முனகியது, யோசித்தது, சுற்றியே விட்டது!

வாட்ச்மேன் ஓடிவந்தார். “இன்னா சார் இது பேஜாரு! டேங்கு காலியாயிகினு கீது. மூணாவது மாடி அண்ணன் சோப்பு போட்டுகினு நிக்கிறாரு!”

சார் திரும்பவில்லை. கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் விரித்திருந்தது. பிள்ளைகள் இல்லை. கடைசியாக இருந்த பெண்ணும் முந்தைய நாளோடு நின்றுவிட்டிருந்தாள்.

“காத்து நல்லா வருதுங்க,” என்றார் டீச்சர், விசிறியின் கீழ் தனியாக உட்கார்ந்தபடி. “நீங்களும் வந்து உக்காருங்க.”

தொட்டி தீரும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரமே இன்வெர்ட்டர் வாங்கினார். டியூஷன் திரும்பவில்லை. பிறகு அவர்கள் மகனிடம் போய்விட்டார்கள்.

என் வீட்டு பேட்டரி சொல்லிவைத்தாற்போல மூன்று வருடத்துக்கொரு முறை சாகிறது. புதிது வாங்கும்போதெல்லாம், மொட்டைமாடித் தொட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்கிறேன்.