மொய் வைக்க வராத விருந்தாளி

எங்கள் குடும்பத்தில் எக்செல் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் உண்டான சேதத்தை, எக்செல் தெரியாத மற்ற மூன்று பேரும் சேர்ந்துதான் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

அப்போதுதான் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்திருந்தேன். முதல் சம்பளத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கி, உலகத்தில் உள்ள எதையும் கட்டம் போட்டு அடைத்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத் தங்கச்சி மகேஸ்வரிக்குத் திருநகர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஃபார்ம் சீட்டு கிடைத்தது. நாங்கள் இருந்ததோ சமயநல்லூரில். தினமும் இரண்டு பஸ் மாறி அவள் போய்வர வேண்டும்.

"எதுக்கு அலையணும்? இந்த வீட்டை வித்துட்டுத் திருநகர்ல ஒரு பழைய வீடா வாங்கிருவோம்" என்றேன்.

அப்பா தயங்கினார். அவர் ஓர் எடைமேடையில் வேலை பார்ப்பவர். முள் நிற்கும் வரை வாயைத் திறக்க மாட்டார். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். பத்திரம் என்று எங்களிடம் இருந்ததே அப்பா கட்டிய அந்த ஒரு வீட்டுக்குத்தான்.

"செலவு எம்புட்டு ஆகும்னு பாத்தியாப்பா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்! லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். வரவு பச்சை, செலவு சிவப்பு. அரிசி, பால், கேஸ், கரண்டு எல்லாம் இருந்தது. (அப்பா வேலைக்குச் சமயநல்லூருக்கே திரும்பப் போக வேண்டும், அதற்கும் அதே இரண்டு பஸ் மாற வேண்டும் என்பது மட்டும் இல்லை. அலைச்சலை ஒழிக்கவில்லை; தங்கச்சியிடமிருந்து வாங்கி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன் என்பது குடிபோன பிறகுதான் புரிந்தது.)

வீட்டு வரி என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதில் சமயநல்லூர் பஞ்சாயத்துக்குக் கட்டும் தொகையை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். வீடு அதே அளவுதானே, வரி மட்டும் எப்படி மாறும் என்பது என் ஆராய்ச்சி. திருநகர் இருக்கும் மாநகராட்சியில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும் என்பதோ, தண்ணீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்பதோ தெரியாது. "பாக்கி ஏதும் இருக்கா?" என்று புரோக்கரிடம் கேட்டதற்கு, "எல்லாம் பக்கா தம்பி" என்று ஒரு ரசீதைக் காட்டினார். ரசீது அசல்தான். வருடம்தான் பழசு. அதை நான் பார்க்கவில்லை. வில்லங்கச் சான்றை மட்டும் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன். பெரிய வில்லங்கமே நான்தான் என்று அதில் எங்கேயும் போடவில்லை.

வீடு வாங்கியதில் கையிருப்பு கரைந்துவிட்டது. அம்மாவின் நகை அடகுக்குப் போனது. மகேசுக்கு முதல் தவணை ஃபீஸ் கட்டப் பணம் இல்லை. அதற்கும் என்னிடம் ஒரு கட்டம் இருந்தது: "புதுமனை புகுவிழா மொய்." பால் காய்ச்சும் நாளில் வரும் மொய்யை மறுநாள் காலையில் கல்லூரியில் கட்டிவிடலாம். கடைசித் தேதியும் அதுதான். எங்கள் பக்கம் மொய் என்பது இனாம் இல்லை. வைத்தவர் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பச் செய்தாக வேண்டிய கடன். ஆனாலும் அதற்குள் நான் முன்னுக்கு வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மகேசு அதற்குள் ஆய்வகத்துக்கு வெள்ளைக் கோட்டு ஒன்று வாங்கி, அதன் மார்புப் பையில் தன் பெயரை நீல நூலில் தைத்தும் வைத்துவிட்டாள்.

விசேஷத்தன்று வாசலில் வாழை மரம், பந்தல், மைக் செட். மொய் மேசையில் என் தாய்மாமன். அவர் மைக்கைப் பிடித்தால் யார் பெயரும் தெருக்கோடி வரை கேட்கும். பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கையில் பையோடு ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். அப்பாவோடு வேலை பார்ப்பவர் போல என்று நினைத்து நான் பாய்ந்து போனேன்.

"வாங்கண்ணே! ஏன் வெளிய நிக்கிறீக?"

"இல்ல தம்பி, நான் வந்தது..."

"எதுக்கு வந்தாலும் மொதல்ல சாப்பிடணும். சாப்பிடாமப் போனா அப்பா என்னையக் கொன்னுருவாரு. சாப்பிட்டுட்டுப் போங்க சார்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலையில் உட்கார வைத்தேன். பாவம், பசியில் வந்திருப்பார் போல, மறுக்கவில்லை. இரண்டாவது தடவை பாயசம் வைத்தவனும் நான்தான். கை கழுவியதும் மொய் மேசைக்கு அழைத்துப் போனேன்.

மாமா மைக்கில் ஆரம்பித்தார். "அண்ணே, பேரு, ஊரு சொல்லுங்க. எம்புட்டுன்னு எழுதிக்கட்டும்?"

"நான் வைக்க வரலைங்க. வாங்க வந்தேன்" என்றார் அவர். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "மாநகராட்சி பில் கலெக்டர். இந்த வீடு பல வருசமாப் பூட்டியே கெடந்துச்சு. இன்னைக்கு வாழ மரத்தப் பாத்துட்டு வந்தேன். சொத்து வரி பாக்கி நெறைய நிக்குது."

பந்தியில் இருந்த அத்தனை தலையும் மொய் மேசைப் பக்கம் திரும்பியது.

அவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "விசேஷத்தை முடிங்க தம்பி, பெறகு வாரேன்" என்றுதான் சொன்னார். அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். படித்தவன் விடுவானா?

"அதெல்லாம் இருக்காது சார். இப்பவே ஆன்லைன்ல பாத்துருவோம்" என்று போனை எடுத்து, வரி எண்ணைக் கேட்டுத் தட்டினேன். திரையில் வந்ததை, அவருடைய தப்பைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் உரக்கப் படித்தேன். சொத்து வரி பாக்கி, அதற்கு அபராதம். அவர் சொல்லாமல் விட்டிருந்த குடிநீர்க் கட்டண பாக்கி, சாக்கடைக் கட்டண பாக்கி. கடைசியில் மொத்தத்தையும் கூட்டிச் சொன்னேன். மாமா மைக்கை அணைக்கவே இல்லை.

"அடேய் மாப்ள, யார் பக்கம்டா நீ?" என்றார் மாமா. பந்தலே சிரித்தது.

சிரிக்காதவர் இருவர்தான். ஒருவர் அப்பா. எழுந்து வந்தார். வாழ்நாளில் ஒருவர் வாயிலிருந்தும் பாக்கி என்ற சொல்லைக் கேட்காத மனிதர், சொந்தபந்தம் முன்னால் அதை மைக்கில் கேட்டிருந்தார்.

"மச்சான், அந்தப் பையைக் குடுங்க."

"இன்னைக்கே கட்டணும்னு அவரு சொல்லலையே மச்சான்" என்று மாமா இழுத்தார்.

"ஏங்க, நாளைக்கு ஃபீசு..." என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. மொய்ப் பை காலியானது. பில் கலெக்டரின் கையடக்க இயந்திரம் ரசீதை நாக்கு மாதிரி நீட்டியது. பில் கலெக்டர் என்னைப் பார்த்துச் சங்கடமாக, "சாப்பாடு நல்லா இருந்துச்சு தம்பி" என்றார்.

சிரிக்காத இன்னொருத்தி மகேசு. கையில் தண்ணீர் ஜக்கோடு நின்றிருந்தாள்.

சாயங்காலம் யாரிடம் கேட்பது? கொடுக்கக்கூடிய அத்தனை பேரும் காலையில்தான் கொடுத்திருந்தார்கள். அதே கைகளிடம் அதே நாளில் மறுபடியும் கேட்க அப்பாவால் முடியவில்லை. மறுநாள் காலையில் நான் கேட்டுப் பார்த்த வங்கியில், ஃபீஸ் கட்டிய ரசீது இருந்தால் கல்விக் கடன் பார்க்கலாம் என்றார்கள். கல்லூரியில், பணம் கட்டினால் ரசீது தருவோம் என்றார்கள். அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் சீட்டு போய்விட்டது.

மகேசு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "விடுண்ணே, மாத்திரை வாசமே எனக்கு ஆகாது" என்றாள். அவளுக்கு அந்த வாசம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் பி.காம். சேர்ந்தாள். இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டு வரவு செலவு முழுக்க அவள் கையில்தான். என் லேப்டாப்பைத் தொட நானே அவளிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அரையாண்டு சொத்து வரியை நாள் தவறாமல் அவள்தான் கட்டுகிறாள். கட்டியதும் ரசீதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள், கீழே ஒரே வரி: "சாப்பிட்டுட்டுப் போங்க சார்!" அம்மா சிரிப்புப் பொம்மை போடுவாள். எங்கள் வீட்டுக்கு யார் பணம் கேட்டு வந்தாலும் இப்போது அதுதான் வரவேற்பு.

விருந்தாளிகள் வந்தால் இந்தக் கதையை மகேசுதான் சொல்ல வேண்டும். நான் இழுத்துப் போனது, பாயசம் வைத்தது, மாமா கேட்டது, அத்தனையும் நடித்துக் காட்டுவாள். மைக் வரைக்கும் வந்து நிறுத்திவிடுவாள். அதற்குப் பிறகு நடந்ததை ஒரு நாளும் சொன்னதில்லை. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது, காபி போடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போவாள்.

அங்கே மிக்ஸிக்கு ஒரு வெள்ளை உறை உண்டு. அவளே வெட்டித் தைத்தது. அதன் ஓரத்தில், எத்தனை தடவை துவைத்தும் போகாமல், நீல நூலில் அவள் பெயர் இருக்கிறது.