பாக்கியநாதனின் கடைவாய்ப் பல்

கார்பன் காலக்கணிப்பு ஓர் எலும்பைப் பார்த்து, அதற்குரியவர் எத்தனை வயது வாழ்ந்தார் என்று சொல்லிவிடும் எனப் படித்தவர்களே நம்புகிறார்கள். பெரும் பிழை. அவர் செத்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை மட்டுமே அது சொல்லும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு நாடு நிம்மதியாக இயங்கலாம். கவரைப்பேட்டைப் பாக்கியநாதனால் முடியவில்லை.

அவருக்கு வயது அறுபத்தாறு. ஆதார் அட்டையில் ஐம்பத்து மூன்று. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வேலை கேட்டால் கம்பெனிக்காரர்கள் முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். முதியோர் உதவித்தொகை அலுவலகத்தில் அட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் ஒரு வேளைச் சோறுதான்.

"கம்பெனி கேட்டாண்ட கெழவன்னு தொரத்துறானுங்கோ. இங்க வந்தா வயசு பத்தலன்றீங்கோ. நான் எங்கதான் சார் போறது?"

அதிகாரி பூவராகவனுக்கு ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. ஊருக்கு ஊர் மண்ணைத் தோண்டிப் பானை ஓட்டுக்கு வயது பார்க்கும் பருவம் அது. அவருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது: ஐயத்துக்குரிய வயதுகள் இனி அறிவியல் முறைப்படி உறுதிசெய்யப்படல் வேண்டும்.

"எலும்பு, பல்லு எதுனா இருக்குதா?"

"உள்ள கீது சார்."

"தனியா வேணும்."

ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பாக்கியநாதன் அன்றே பிடுங்கினார். "சோறு துன்றதுக்கு இன்னா பண்ணுவ?" என்றாள் மனைவி விக்டோரியா.

தீப்பெட்டியில் வந்த பல்லைப் பெற்றுக்கொண்ட பூவராகவன் படிவத்தைப் பார்த்தார்.

"இறந்த தேதி?"

"சாவலியே சார்."

"காலியா உட்டா கம்ப்யூட்டர் எடுக்காதுய்யா. பல்லு என்னிக்கு வெளிய வந்துச்சு?"

"செவ்வாக்கெழம."

செவ்வாய்க்கிழமையே பதிவாயிற்று.

நான்கு மாதம் கழித்து ஆய்வறிக்கை வந்தது. கழிந்த ஆண்டுகள்: பூஜ்யம்.

பூவராகவன் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். "உனக்கு வயசே ஆகலயாம்பா."

"சார், எனக்குப் பேரன் கீறான்!"

"அது உன் குடும்ப விஷயம். இது சயின்ஸ்."

மேற்படி நபரின் வயது பூஜ்யமென மெய்ப்பிக்கப்பட்டமையால் முதியோர் உதவித்தொகைக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அவ்வயதினர்க்குரிய இதர நலன்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று உத்தரவாயிற்று.

மறுவாரம் அங்கன்வாடியிலிருந்து தமிழ்செல்வி சத்துமாவுப் பொட்டலங்களோடு வந்து நின்றாள்.

"கொழந்த எங்கக்கா?"

விக்டோரியா உள்ளே கை காட்டினாள். "தோ, பீடி புடிச்சிக்கினு ஒக்காந்துகினு கீது."

அன்றிரவு இருவரும் வயிறாரக் கஞ்சி குடித்தார்கள்.

ஓய்வுபெற இரண்டே மாதம் இருந்த பூவராகவன் மறுநாள் அலுவலகம் வரவில்லை. விடுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருந்தார்: பல் பிடுங்குதல்.