இருநூற்றுப் பன்னிரண்டு நாள் அணையாத கணினி

வாழ்க, மாந்தர்தம் எலும்பெல்லாம் ஊடுருவிக் காணும் எக்ஸ்ரேக்காரர்! இருநூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒருகணமும் அணையாத லினக்ஸ் இயங்குதள மடிக்கணினியின் தனிப்பெருங்காவலர், அந்நாட்கணக்கை அன்றாடம் கண்டு பூரிக்கும் பெருந்தகை, ஞாயிறு முற்பகலில் சாப்பாட்டு மேசையைப் போர்க்களமாக்கி வீற்றிருந்த சீரினைச் செப்பக் கேளீர்!

மாலை நான்கு மணிக்கு அக்கா வருகிறாள். சிறுவயதில் ஆடிய வீடியோ கேமில் எட்டாம் கோட்டையைத் தம்பி ஒருநாளும் தாண்டியதில்லை, எப்போதும் தானே தாண்டிக் கொடுத்ததாக முப்பதாண்டுகளாய் உறவு முழுக்கப் பறைசாற்றி வருபவள். அப்பழியை அவள் கண்முன்னே துடைப்பேன் என்று போனில் வஞ்சினம் உரைத்துவிட்டார் நம் வீரர்.

பழைய ஆட்டங்களைக் கணினியில் உயிர்ப்பிக்கும் எமுலேட்டரை நிறுவினார். படம் வந்தது, ஒலி வந்தது, கோட்டை கொத்தளங்கள் வண்ணமயமாய் விரிந்தன. அந்தோ, புத்தம்புது ஜாய்ஸ்டிக் மட்டும் மரக்கட்டையாய்க் கிடந்தது! அதை இயக்க லினக்ஸ் வைத்திருக்கும் அனுமதிப் பட்டியலில் தம் பெயரைப் பொறித்தார். கருந்திரையில் கட்டளைக் கணைகளை மாரியெனப் பொழிந்தார். முகமறியா முனிவர்கள் இணையத்தில் அருளிய நாற்பது உபதேசங்களையும் தலைமேற்கொண்டார். சோறு ஆறியது, அவர் ஆறவில்லை.

ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தால் என்ன என்று கேட்டுத்தொலைத்தாள் மனைவி. சிங்கம் சிலிர்த்தது.

"அதெல்லாம் கோழைங்க வேலை. என் உயிர் இருக்கிறவரைக்கும் இது அணையாது."

நான்கடித்தது. வந்தாள் அக்கா, போனில் சார்ஜ் இல்லையென்றாள், மடிக்கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கித் தன்னுடையதைச் செருகினாள். பேட்டரி என்றோ செத்துப்போய், மின்வெட்டிலும் வீட்டு இன்வெர்ட்டர் தயவில் உயிர்வாழ்ந்த அப்பேரரசு ஒரு முனகலுமின்றி இருண்டது. வீரருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் வயரைப் பிடுங்கித் தம்முடையதைச் செருகி மீண்டும் உயிர்ப்பித்தார். புதிதாய் உள்நுழைந்தால் மட்டுமே செல்லுபடியாகும் அவ்வனுமதி, காலையிலிருந்து இதற்கே காத்திருந்ததுபோல் விழித்துக்கொள்ள, துள்ளியெழுந்தது ஜாய்ஸ்டிக்! மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சீறினார், பாய்ந்தார், ஏழு கோட்டைகளைத் தவிடுபொடியாக்கினார்; எட்டாம் கோட்டை வாயிலில் ஓருயிர் துறந்தார், ஈருயிர் துறந்தார், எஞ்சிய கடைசி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, எண்திசையும் மூச்சடக்கி நோக்க, மெல்லத் திரும்பித் திருவாய் மலர்ந்தார்.

"அக்கா, இதை மட்டும் தாண்டிக் குடு."