ஐந்நூறு போர்க்கப்பல்

கீழக்கரையில் பிறந்தவன் என்றாலே கப்பலைக் கரைத்துக் குடித்தவன் என்று உலகம் நம்பிவிடுகிறது. நானும் மறுத்ததில்லை. (உண்மையில் படகு லேசாக ஆடினாலே எனக்கு வாந்தி வரும்.) அந்த நம்பிக்கையில்தான் வளைகுடாவின் புஜைரா துறைமுகத்தில், பழைய கப்பல்களை விற்றுத் தரும் தரகர் ஒருவர் என்னை வேலைக்கு வைத்தார். எங்கள் ஊர்க்காரர். எங்கள் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒருநாள் ஒரு குட்டித் தீவு நாட்டின் கடற்படைத் தளபதி வந்து இறங்கினார். போர்க்கப்பல் வாங்க அவர்கள் செய்யும் மூன்றாவது முயற்சி அது. முதல் கப்பலை விற்பதாகச் சொன்ன நாடு கடைசியில் மனம் மாறிவிட்டது. இரண்டாவது, இழுத்து வரும் வழியிலேயே மூழ்கிவிட்டது.

"இந்தத் தடவை கப்பல் படம் போட்டு அஞ்சல் தலையே அடித்துவிட்டோம்," என்றார் தளபதி, கவலையாக.

காக்காவுக்கு அன்று காய்ச்சல். "நீயே கூட்டிட்டுப் போடா. சாம்பல் கலர்ல பெருசா நிக்கும். விக்கிறவன் ஆளு மேலேயே இருப்பான்."

கடலில் மூடுபனி. பஸ் ஸ்டாண்டு மாதிரி வரிசையாகக் கப்பல்கள். சாம்பல் நிறத்தில் பெரிதாக ஒன்று தெரிந்தது. "யல்லா!" என்று படகோட்டிக்குக் கை காட்டினேன்.

ஏணியில் ஏறும்போதே ஒரு வாடை. பழைய கப்பல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேலே பாகிஸ்தானி பாய் ஒருவர் சிரித்தபடி வரவேற்று, இந்தியில் கேட்டார்:

"எத்தனை வேணும் பாய்?"

"ஒண்ணு."

"ஒண்ணுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஐந்நூறுக்குக் குறைஞ்சு பேச்சே இல்ல."

மொழிபெயர்த்தேன். பதக்கங்கள் மின்னும் வெள்ளைச் சீருடையில் தளபதி வெளிறிப்போனார். "எங்களிடம் இருப்பதே மூன்று படகுதான். சரி, எந்த நாட்டுத் தயாரிப்பு?"

"சோமாலியா. பல்லைப் பார்த்தே எடுத்துக்கலாம்."

"பல்லா?"

"பீரங்கியைச் சொல்றார் சார்," என்றேன், துளியும் தயங்காமல்.

"டீசல் எவ்வளவு குடிக்கும்?"

அதைக் கேட்டதும் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டீசலா? புல்லும் தண்ணியும் போதுமே!"

சொல்லிக்கொண்டே பக்கத்துக் கதவைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காக ஆடுகள். அத்தனையும் தளபதியைப் பார்த்து ஒரே குரலில் "மே" என்றன. பக்ரீத்துக்கு மொத்தமாக ஆடு பிடிக்க வந்தவர்கள் என்று எங்களை நினைத்திருக்கிறார், பாவம்.

சரியான கப்பலைத் தேடிப் பிடிப்பதற்குள், அங்கே காத்திருந்த ஆள் அலுத்துப்போய் அதைப் பழைய இரும்புக்காரர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார். கரை திரும்பும் படகில் தளபதி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடலில் குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. (நீச்சலும் தெரியாது.)

"அந்த மனுசன் கேட்டது போர்க்கப்பல்டா, பிரியாணி இல்ல! கலாஸ், உன் வேலை முடிஞ்சுது, நாளையிலேர்ந்து வராதே!" என்றார் காக்கா.

இப்போது சத்வா கடைத்தெருவில் தையல்காரர்களுக்கு நூலும் பட்டனும் விற்கிறேன். கதை ஊர்வரை போய்ச் சேர்ந்துவிட்டது; பக்ரீத் வந்தால் போதும், அங்கிருந்து அக்கா புருஷன் போன் போட்டுவிடுவார். நான் சலாம் சொல்லி முடிப்பதற்குள் அவசரமாகக் கேட்பார்:

"மாப்ளே, இந்த வருஷக் குர்பானி ஆடு பீரங்கி வச்சதா, வைக்காததா?"