நேட்டிவ் பாண்டிச்சேரி

"உங்க நேட்டிவ் எதுங்க?" என்று மாறன் கேட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால், சென்னை ஆபீஸ் கேன்டீனில்.

"பாண்டிச்சேரி."

வெளியூரில் காரைக்கால்காரர்கள் சொல்கிற பதில்தான். உண்மையைச் சொன்னால் "காரைக்குடி பக்கமா?" என்பார்கள், மேப்பைத் திறந்து விளக்க வேண்டும். பாரதிப்ரியாவும் சொல்லிவிட்டு மறந்துபோனாள். பிறகு மாறனைப் பிடித்துப்போனது. எப்போது பெண் கேட்டு வருவான் என்று காத்திருந்தவளுக்கு, அந்த ஒரு வார்த்தையைத் திருத்தத்தான் தைரியம் வரவில்லை.

லீவுக்குக் காரைக்கால் பக்கம் சொந்த ஊரான கோட்டுச்சேரிமேட்டுக்கு வந்திருந்தவளுக்கு இன்று காலை மாறனிடமிருந்து போன்.

"அம்மாவோட பாண்டிச்சேரி வந்துட்டேன்! உங்க வீடு எந்தத் தெரு?"

"அங்க... பெயிண்ட் அடிக்கிறாங்க. நான் காரைக்கால்ல சித்தி வீட்ல இருக்கேன். கோட்டுச்சேரிமேடு, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி."

"அம்மா அங்கேயே போகலாங்கறாங்க!"

போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் நீ எனக்குச் சித்தி."

ராசாத்தி கரண்டியோடு திரும்பினாள். "அப்ப உன்னைப் பெத்தவ யாருடி?"

"அவங்க பாண்டிச்சேரியில பெயிண்ட் வேலையைப் பாத்துக்கறாங்க."

குடும்பப் படத்தைக் கழற்றினாள். சுவரில் வெளுத்த சதுரம் ஒன்று பல்லிளித்தது.

மதியம், ஒரு தரம்கூட வழி கேட்காமல் கார் வாசலில் வந்து நின்றது.

"வாங்க, நான் ப்ரியாவோட சித்தி!" ராசாத்தி ஒப்பித்தாள்.

மாறனின் அம்மா வெண்மதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஜாடை அப்படியே உரிச்சு வச்சிருக்கே!"

அந்த நேரம் பார்த்து, ஒன்றும் தெரியாத தர்மராஜ் மீன்கூடையோடு நுழைந்தார். "பாப்பா! அப்பா வஞ்சிரம் கொண்டாந்திருக்கேன் பாரு!"

"இவரு சித்தப்பாங்க. செல்லமா அப்படித்தான்..."

"யாருடி சித்தப்பா?" என்றார் தர்மராஜ்.

மாறன் முகம் சுருங்கியது. "ப்ரியா, என்ன நடக்குது இங்க?"

அவ்வளவுதான், எல்லாம் போச்சு. அவள் கண்கள் நிறைந்தன. "இதுதான் என் ஊரு. இவங்கதான் என் அம்மா, அப்பா."

வெண்மதி சிரித்தபடி மீன்கூடையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"என் நேட்டிவும் இதே காரைக்கால்தான், கீழவாஞ்சூர். மாமியார் வீட்ல இன்னிக்கு வரைக்கும் பாண்டிச்சேரின்னுதான் நம்பறாங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ எங்கம்மாவும் சித்தியாத்தான் நின்னாங்க. இவன் இன்னும் அவங்களைச் சின்னப்பாட்டின்னுதான் கூப்பிடறான். நீங்களாச்சும் அம்மாவாவே நின்னு சொல்லுங்க சம்பந்தி, ரெண்டு வருஷமா கேளு கேளுன்னு அனத்தறான்: உங்க பொண்ணை எங்க வீட்டுக்குத் தருவீங்களா?"