தங்கவேலு வீட்டு வெள்ளச்சி

வீட்டுக்கு ஆடு வந்தால், தான் வெளியே போய்விடுவது என்று தங்கவேலு முடிவெடுத்தான். எடுத்த முடிவைச் சும்மா வைத்திருக்காமல் மனைவியிடம் சொல்லியும் விட்டான்.

"சரிங்க," என்றாள் பிரியந்தினி, ரொட்டி தட்டிக்கொண்டே. "எங்க போவீங்க?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. றொசல்லத் தேயிலைத் தோட்டத்தில் இந்த லயத்து வரிசை வீட்டை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. தலவாக்கலையில் மச்சான் நிரோஷன் இருந்தான். ஆட்டைக் கொடுக்கப் போகிறவனே அவன்தான்.

எல்லாம் மகள் கேஷிகாவின் வயிற்றில் தொடங்கியது. ஐந்து வயது. பால் உள்ளே போனால் பிள்ளை சுருண்டு படுத்துவிடும். நுவரெலியா டாக்டர் பார்த்துவிட்டு, மாட்டுப்பாலே கூடாது என்றார். தங்கவேலு டாக்டர் சொல்லைத் தட்டாதவன். அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு பால்மா பக்கெட் வாங்கி வந்தான்.

"டாக்டர் மாட்டுப்பால் கூடாதுன்னாரேங்க?"

"இது மாவு புள்ள. இதுல மாடு எங்க இருக்கு?"

"பக்கெட்ல படம் போட்டிருக்கே!"

"படம்தானே?"

படம் மட்டும் இல்லை என்பதைக் கேஷிகாவின் வயிறு இரண்டு நாள் சொன்னது. அந்த இரண்டு நாளும் தங்கவேலு அவள் வயிற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அதன்பிறகு அவனும் பால் தேத்தண்ணி குடிப்பதில்லை. யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.

பிரியந்தினிக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். மற்றப் பிள்ளைகள் தயிர் சாப்பிடும்போது கேஷிகா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். அழமாட்டாள். அதைத்தான் தாயால் தாங்க முடியவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டர் தன் கண்முன்னாலேயே ஒரு கரண்டி ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தார். "எல்லாப் பிள்ளைக்கும் இது சேராது. உங்க மகளுக்குச் சேருது. நல்லாக் காய்ச்சிக் குடுங்க," என்றார்.

ஆக, ஆடு வந்தது. த்ரீவீல் ஆட்டோவின் பின்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தது. பெயர் வெள்ளச்சி. இறங்கியதும் தங்கவேலுவை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நேரே போய் அவன் பயிரிட்டிருந்த லீக்ஸில் ஒரு வரிசையை முடித்தது.

லயத்துக்குப் பின்னால் அவன் குழந்தை மாதிரி வளர்த்த லீக்ஸ் அது. அந்த வேதனையையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையும் போனது. கிழமை முழுக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவனுக்கு ஞாயிறு காலைத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. அந்த நேரத்தில் ஆட்டுக்குப் புல் அறுக்க வேண்டும்.

தங்கவேலு யோசித்தான். மகளுக்குப் பால் வரவேண்டும். ஆடு மட்டும் வேறெங்காவது இருக்க வேண்டும். மூன்றாம் நாள் மூளையில் வெளிச்சம் விழுந்தது. முனியாண்டி கோவில் பூசாரி முத்துலிங்கம் ஏற்கெனவே நாலு கிடாய் வளர்க்கிறார். வெள்ளச்சியைச் சாமிக்கு நேர்ந்துவிட்டால் கோவில் ஆடு கோவிலில்தானே நிற்கும்? நான்கோடு ஐந்து. காலையில் ஒரு போத்தலோடு போனால் பால். புல் பூசாரியின் பாடு.

வெள்ளிக்கிழமைப் பூசையில், ஊரே கேட்கும்படி சூடத்தைத் தொட்டுச் சொன்னான்: "மக வயித்துக்காக வெள்ளச்சிய முனியாண்டிக்கு நேர்ந்துவிடுறேன்!"

சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிரியந்தினியும் கும்பிட்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

"நல்ல காரியம் தம்பி," என்றார் பூசாரி. "நாளைக்கு ஓட்டிக்கிட்டு வா. நம்ம ஆடுகளோட நிக்கட்டும்."

தங்கவேலுவின் மனம் வானத்தில் பறந்தது. அப்போது பிரியந்தினி பணிவாக முன்னே வந்தாள்.

"பூசாரி மாமா, ஒரு சந்தேகம். இது பெட்டை ஆடாச்சே. பெட்டைய சாமிக்கு வெட்டுறதில்லையே?"

"வெட்டுறதில்லம்மா."

"அப்ப நேர்ந்தவங்க வீட்லயே வச்சி வளக்கிறதுதானே முறை?"

பூசாரி தாடியைத் தடவினார். "ஆமா… அதுவும் சரிதான். நேர்ந்தவன் வீட்லதான் நிக்கணும்."

"மாமா," என்றான் தங்கவேலு, "உங்க எடம் பெருசு…"

"சாமி ஆட்டக் கட்டிப் போடலாமா மாமா?" என்று குறுக்கே புகுந்தாள் பிரியந்தினி.

"கூடாதும்மா."

"அடிக்கிறது?"

"அய்யய்யோ!"

"திட்டுறது?"

"சாமியத் திட்டுற மாதிரி."

"லீக்ஸ தின்னா?"

"சாமி ஏத்துக்கிச்சின்னு அர்த்தம்."

தங்கவேலு மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் அடுத்த சந்தேகத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

"புல்லு யாரு அறுக்கணும் மாமா?"

"நேர்ந்தவன் கையாலதான்."

"செருப்புப் போட்டுக்கிட்டா?"

"வெறுங்கால்லம்மா! விரதம்னா சும்மாவா?"

மழைக்காலத்தில் அந்தப் புல்லில் எத்தனை அட்டை என்று ஊருக்கே தெரியும். கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். இன்னும் நின்றால் விரதத்தில் கோழிக்கறியும் போய்விடும் என்று பயந்து தங்கவேலு அவளை அவசரமாக வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

பாதி வழியில்தான் நினைவு வந்தது. பூசாரியின் பேத்தியும் பிள்ளைக் காம்பராவில் பிரியந்தினியிடம்தான் இருக்கிறாள். அவளுக்கும் மாட்டுப்பால் ஆகாது.

"நீ முன்னாடியே பூசாரிக்கிட்டப் பேசிட்டியா?"

"நான் சந்தேகந்தாங்க கேட்டேன்," என்றாள். "பேத்திக்கும் ஆட்டுப்பால் சேரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு உறை ஊத்துறப்ப அவளுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைக்கணும்."

ஞாயிறு காலை தயிர் உறைந்திருந்தது. கேஷிகா முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள், வயிறு என்ன சொல்கிறதென்று கேட்பவள் போல. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையை வழித்து, விரலை நக்கி, அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இது என்னோடதா? முழுசும்?"

"முழுசும் உன்னோடதுதான் கண்ணு." தங்கவேலு அவள் வாயோரத் தயிரைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தான்.

வெளியே பனிமூட்டம். நடுவில், மிச்சமிருந்த கடைசி லீக்ஸ் வரிசையில் வெள்ளச்சி நின்றது. கல்லைத் தேடிய கை பாதியில் நின்று தானாகக் கும்பிட்டது.

"தாயே, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க…"

வெள்ளச்சி ஒரு தண்டை மென்றபடி, "மே!" என்றது.

உள்ளேயிருந்து பிரியந்தினியின் குரல் வந்தது: "ஏங்க, சாமி கூப்பிடுது. செருப்பக் கழட்டி வச்சிட்டு, அருவாள எடுத்துக்கிட்டுப் போங்க."