பாறை கண்ட பூமிநேத்ர சுவாமிகள்

தலைநகரின் துவாரகாவில் அந்த ஆபீஸ் வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே பூமிநேத்ர சுவாமிகள் எழுந்தருளியிருக்கிறார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார். கீழே பாறை இருந்தால் தேங்காய் தானே எழுந்து நிற்குமாம். நெடுஞ்சாலைக்கும் பாலத்துக்கும் வடிவமைப்புப் போடும் பொறியாளர்கள் வரிசையில் நின்று விபூதி வாங்கினார்கள். பட்டம் வாங்கியது வேறு, படித்தது வேறு.

முதலாளி ரங்கராஜனின் பக்திக்குக் காரணம் உண்டு. மற்ற கம்பெனிகளைவிடப் பொறியியல் செலவைக் குறைத்துக் காட்டினால்தான் டெண்டர் கிடைக்கும். அந்தச் செலவில் கொழுத்தது மண் பரிசோதனை. ஆழமாகத் துளையிட்டு, மண்ணெடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சுவாமிகளுக்கோ தட்சிணையும் ஒரு தேங்காயும் போதும்.

"யமுனைக் கரை மேம்பாலத்துக்குத் துளை போட வேண்டாம். சுவாமி பார்த்துட்டார், பாறைதான்" என்றார் ரங்கராஜன்.

மண் பிரிவைக் கவனிக்கும் இளவரசி விடவில்லை.

"சார், அது ஆத்து மணல். நாளைக்குத் தூண் இறங்கிச்சுன்னா மேல பஸ்ல போறவங்க கதி என்ன? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்போ வேற எடத்துல வேலை தேடிக்கோம்மா."

"தேடிக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி நம்ம ஆபீஸ் முன்னால இருக்கற புல்தரையைச் சுவாமி ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும்."

ஆபீஸே திரண்டது. சுவாமிகள் புல்தரையில் நடந்தார். நட்டநடுவில் தேங்காய் எழுந்தது. கட்டைவிரலும் கொஞ்சம் ஒத்தாசை செய்தது. பக்தர்கள் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை.

"நாற்பது அடிக்குக் கெட்டிப் பாறை. எறும்பு நுழைய இடமில்லை" என்றார் சுவாமிகள்.

"க்யா பாத் ஹை, என்ன அற்புதம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான் வரைபடப் பிரிவு ஸ்ரீவத்ஸன்.

இளவரசி செல்போனில் யாரையோ அழைத்தாள். "பையா, ஜரா ஹார்ன் பஜாவோ."

பாறை ஹாரன் அடித்தது. காலுக்கு அடியிலிருந்து, நன்றாக, நீளமாக. புல்தரைக்குக் கீழே இரண்டு தளத்துக்குக் கார் நிறுத்துமிடம். கூடியிருந்த அத்தனை பேரும் தினமும் அங்கேதான் காரை விட்டுவிட்டு லிஃப்டில் ஏறி வருகிறார்கள். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே.

"அது உங்க கார்தான் சார். டிரைவரும் உள்ளதான் இருக்கார்" என்றாள் இளவரசி.

சுவாமிகள் தொண்டையைக் கனைத்தார். "இது சூட்சுமப் பாறை. ஊனக் கண்ணுக்குத் தெரியாது."

"என் டிரைவர் எப்படிய்யா அதுக்குள்ள போனான்?" என்றார் ரங்கராஜன். இத்தனை நாளில் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான். சுவாமிகள் ஆட்டோ பிடித்தார்.

மறுநாளே துளையிடும் செலவு டெண்டரில் மறுபடியும் ஏறியது. இளவரசி கையெழுத்துப் போட்டாள். சுவாமிகள் இப்போது வேறொரு கம்பெனியில் பாறை பார்க்கிறாராம், அங்கேயும் கூட்டம் அலைமோதுகிறதாம். அவர்கள் கட்டும் பாலத்தில்தான் நாளைக்கு நீங்களும் நானும் போகவேண்டும். எதை வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள் ஐயா, கடவுள் புண்ணியத்தில் சும்மா கிடைத்த மூளையை ஏன் மிச்சம் பிடிக்கிறீர்கள்?